ஆடி முடிந்தும் வராத மாப்பிள்ளை

ஆவணி பிறந்தும் ஜெகன் மாமியார் ஊரான சாலவாக்கம் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. புதுப் பெண்ணை ஆடிக்குத் தாய் வீட்டுக்கு அனுப்புவது ஊர் வழக்கம். ஆடி முடிந்த மறுநாளே வண்டியை முறுக்கிக்கொண்டு ஓடுவது புது மாப்பிள்ளைகளின் வழக்கம். இவன் மட்டும் மில்லில் வேலை ஜாஸ்தி, வண்டி ரிப்பேர் என்று மனைவி தமிழ்ச்செல்வியிடம் போனில் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

வண்டிக்கு ஒரு கேடும் இல்லை. கோளாறெல்லாம் அதை ஓட்டுகிறவனிடம்தான். வாலாஜாபாத் அரிசி மில்லில் அவனோடு மூட்டை தூக்கும் பையன்கள், முதுகு வலிக்கென்று ஆரம்பித்த மாத்திரையை இப்போது போதைக்காகக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே ஊசி. தனி ஊசி கேட்டால், "எங்க மேல சந்தேகமா மச்சான்?" என்று கோபித்துக்கொள்வார்கள். அந்தக் கோபத்துக்குப் பயந்து ஜெகனும் கையை நீட்டினான், மடையன். கல்யாணத்துக்கு அப்புறமும் நீட்டினான்.

ஆடி நடுவில், அதே ஊசியைப் போட்டுக்கொண்ட கூட்டாளி பாண்டியன் போன் பண்ணி அழுதான். அவன் ரத்தத்தில் எச்.ஐ.வி. இருக்கிறதாம்.

ஜெகன் ஊசியை விட்டான். உடம்பு உதறிப்போட, படுத்துக் கிடந்து எழுந்து அரசு ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. சோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்குப் போனான். இவனுக்கு இல்லை என்றுதான் வந்தது.

"இப்ப இல்லன்னு வந்தா மட்டும் போதாது தம்பி," என்றார் அங்கிருந்த ஆலோசகர் அம்மா. "கிருமி ரத்தத்துல தெரிய நாளாகும். மூணு மாசம் கழிச்சு மறுபடி பாக்கணும். அதுவரைக்கும் ஆணுறை இல்லாம சேராத. சம்சாரத்தையும் கூட்டிக்கினு வா."

கொடுத்த ஆணுறைப் பாக்கெட்டை வண்டி சீட்டுக்கடியில் ஒளித்து வைத்தான். 'விசேஷம் உண்டா?' என்று ஊரே கேட்கிற நேரத்தில் அதை எடுத்தால் அவள் ஏன் என்பாள். சொன்னால் போய்விடுவாள். சொல்லாமல் சேர்ந்தால் அவளுக்கும் வந்துவிடலாம்.

மாமியார் வீட்டிலோ வேறு முடிவுக்கு வந்திருந்தார்கள். ஆடிச் சீரில் வேட்டி சட்டைதான் வைத்தார்கள், மோதிரம் போடவில்லை. அதற்குத்தான் மாப்பிள்ளை முறைத்துக்கொண்டிருக்கிறார்! நம் பக்கத்தில் மாப்பிள்ளை வராததற்கு வேறு காரணம் யாருக்குத் தோன்றும்?

திங்கட்கிழமை காலை மாமியார் வளர்மதி மகளோடு ஜெகன் வீட்டில் வந்து இறங்கினாள். உட்காரக்கூட இல்லை. காதில் கிடந்த தோட்டைக் கழற்றி நீட்டினாள்.

"இன்னா மாப்ள, வாயத் தொறந்து கேக்கக் கூடாதா? இத்த அழிச்சி மோதிரம் பண்ணிக்கோங்க. எம் பொண்ண வூட்ல சேத்துக்கோங்க."

"இதுக்குத்தானா வரல நீங்க?" என்றாள் தமிழ்ச்செல்வி. அவள் முகத்தில் அப்படியொரு வெறுப்பு.

ஆமாம் என்று சொன்னால் இன்றைக்குத் தப்பிக்கலாம். பேராசைக்காரன் என்ற பெயரோடு போய்விடும். ஒரு கணம் அதற்கும் துணிந்தான். வளர்மதியின் வெறும் காதைப் பார்த்ததும் அந்தத் துணிச்சல் போய்விட்டது.

"தோட்டப் போட்டுக்கோங்க அத்த," என்றான். பிறகு ஊசி, பாண்டியன், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் தலை நிமிராமல் சொல்லி முடித்தான்.

வளர்மதி தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தமிழ்ச்செல்வி அழவில்லை.

"ஊசி போட்டுக்கினது ஆடிக்கு முன்னாலயா, நான் போனதுக்கு அப்பாலயா?"

இத்தனை நாளும் அவளைத் தள்ளி வைத்துக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தானே!

"முன்னாலயும்தான்."

"எனக்கு நாள் தள்ளிப் போயிக்கீது," என்றாள். "மொதல்ல உங்களாண்ட சொல்லணும்னு அம்மாகிட்டகூட சொல்லாம வச்சிக்கினு இருந்தேன்."

பிறகு அம்மாவின் கையிலிருந்த தோட்டை வாங்கி, அம்மாவின் காதிலேயே மாட்டி, திருகாணியை இறுக்கினாள். அப்புறம் அவனிடம் திரும்பினாள்.

"எழுந்திரு. ஆஸ்பத்திரிக்குப் போவணும். வண்டிய எடு."

கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் நீ என்று சொன்னதில்லை. அவன் வண்டியை எடுத்தான். அவள் கைப்பையை இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். தோளைத் தொடாமல் பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.