மாக்ஸ் வகுப்பு

தொலைபேசி அடித்தபோது நான் ஒன்பதாம் தரத்துத் தமிழ் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். மன்னார் கீரிக் கிராமத்தில் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் ஒழுங்காக வராது. அதிபரின் குரல் விட்டு விட்டுக் கேட்டது. "டீச்சர்... எங்கட மாக்ஸ்... போ..." அதோடு அறுந்துவிட்டது. சோதினைப் புள்ளிகளை நாங்கள் மாக்ஸ் என்றுதான் சொல்வோம். கணினியில் ஏற்றிய புள்ளியெல்லாம் அழிந்துபோயிற்று என்று நினைத்து முற்றத்துக்கு ஓடி, திருப்பி எடுத்துக் கத்தினேன்.

"எந்தப் பாடத்தின்ர மாக்ஸ் சேர் போனது? பேப்பர் எல்லாம் என்னட்ட இருக்கு, திருப்பி அடிக்கலாம்!"

"பாடமில்லை டீச்சர். ஆள். சந்தியோகு மாஸ்டர் போயிட்டார். விடியக்காலமை, ஆஸ்பத்திரியில."

"ஐயோ மாதாவே!" என்று அந்த மணலிலேயே இருந்துவிட்டேன். அவரை அறிந்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு அந்தச் செய்தி எப்படி வந்ததோ தெரியாது. எனக்கு இப்படி ஒரு பகிடியாக வந்து சேர்ந்தது. அவர் கேட்டிருந்தால் இருமல் வரும்வரை சிரித்திருப்பார்.

மாக்ஸ் மாஸ்டர் என்ற அந்தப் பட்டப்பெயர் எப்படி வந்ததென்று இளம் ஆசிரியர்கள் பலருக்குத் தெரியாது. சந்தியோகு மாஸ்டர் கணித ஆசிரியர். படகு முதலாளியான சம்மாட்டி ஒருவரிடம் கூலிக்குக் கடலுக்குப் போனவருடைய மகன். கல்யாணம் கட்டவில்லை. கோயிலுக்கு வரமாட்டார், ஆனால் திருவிழாவுக்குப் பந்தல் போட முதல் ஆளாக நிற்பார். இளவயதில் தன்னைப்போன்ற நாலைந்து தோழர்களோடு சேர்ந்து கீரிக் கடற்கரையில் ஒரு பழைய மீன்வாடிக் கொட்டிலில் சனிக்கிழமை பின்னேரங்களில் மார்க்சிய வகுப்பு நடத்தினார். அந்தச் சொல் ஊருக்குள் வாய்மாறி வாய்மாறிப் போய் 'மாக்ஸ் வகுப்பு' ஆகிவிட்டது. அடுத்த சனிக்கிழமை கொட்டில் வாசலில் தாய்மாரெல்லாம் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, கொப்பி பென்சிலோடு நின்றார்கள்.

"சேர், மாக்ஸ் எடுத்துக் குடுக்கிற வகுப்பாம். காசும் இல்லையாம். அதுதான் கூட்டியந்தனான்" என்றார் முன்னால் நின்ற ஒரு தாய்.

தோழர்களுக்கு முகம் கறுத்துவிட்டது. மாஸ்டர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பின்னத்தைத் தொடங்கினார். "சனம் எதைக் கேட்டு வருகுதோ, அங்கயிருந்துதான் தொடங்கவேணும்" என்று பிறகு சொன்னாராம். ஆனால் சும்மா விட்டாரா? பாடம் முடிந்ததும் தாய்மாரை இருத்திக் கேட்டார்.

"மாக்ஸ் எதுக்கு?"

"கந்தோர் உத்தியோகத்துக்கு."

"சரி. எல்லாப் பிள்ளையும் நூறு எடுத்தால், எல்லாருக்கும் கந்தோரில கதிரை இருக்கோ?"

அந்த முதல் தாய் உடனே சொன்னார்: "அப்ப சேர், என்ர பிள்ளைக்கு முதலில எடுத்துக் குடுங்கோ."

இந்தக் கதையை அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லித் திரிந்தார். "நான் படிச்ச தத்துவம் எல்லாத்துக்கும் அந்த மனிசி ஒரு வசனத்தில பதில் சொல்லிப்போட்டுது டீச்சர். இண்டைக்கும் எனக்கு மறுமொழி தெரியேல்லை" என்பார். அன்றிலிருந்து அவர் மாக்ஸ் மாஸ்டர். தோழர்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போனார்கள், அவர் பின்னம் படிப்பித்தபடி இருந்தார்.

நான் பயந்தாங்கொள்ளி. இதை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். சண்டை முடிந்த கையோடு ஒருநாள் சிவில் உடுப்பில் புலனாய்வுக்காரர் இரண்டு பேர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். அதிபர் மடு மாதா கோயிலுக்குப் போயிருந்தார். மாஸ்டர் வகுப்பில். கந்தோரில் நான் மட்டும். "இங்கே மாக்ஸ் கிளாஸ் நடக்குதாம், யார் நடத்துறது?" என்று ஒருவர் அரைகுறைத் தமிழில் கேட்டார். ஆளைக் கொண்டுபோனால் என்ன செய்வது என்பதைத் தவிர மண்டைக்குள் வேறொன்றும் ஓடவில்லை. பிறகு எந்தப் புனிதர் புண்ணியமோ, புள்ளிக்குரிய சிங்களச் சொல் வாயில் வந்தது. "லகுணு, மாத்தயா! சோதினை லகுணு! கணக்குப் பாடம்!" என்று மேசையில் கிடந்த கணித விடைத்தாளைத் தூக்கிக் காட்டினேன். அவர் அதைப் பார்த்து, "ஆ, லகுணு" என்றார். தன் மகனும் கணக்கில் குறைவு என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

ஓடிப்போய் மாஸ்டரிடம் சொன்னேன். "எனக்குப் பொய் சொல்லவேண்டி வந்திட்டுது" என்றேன். அவர் என்னைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் தந்தார். "நீங்கள் பொய் சொல்லேல்லை டீச்சர். அந்த மனிசனுக்கும் மகன்ர மாக்ஸ் தானே பயம்? அவரையும் எங்களையும் ஒரே கயிறாலதான் கட்டி வச்சிருக்கினம்." அந்த நேரத்தில் எனக்கு அவரை அடிக்கலாம் போலிருந்தது.

பத்தாம் தரத்துக்கு வரும் பிள்ளைகளைப் புள்ளிப்படி ஏ, பி, சி என்று பிரிப்பது எங்கள் பள்ளிக்கூட வழக்கமாக இருந்தது. சி வகுப்பில் யார் இருப்பார்கள் என்று பார்க்கத் தேவையில்லை. காற்று மாறுகிற காலத்தில் தாய்தகப்பனோடு மறுகரைக்குப் போய் மீன்பிடி வாடியில் தங்கி, தவணை பாதியில் திரும்பி வருகிற பிள்ளைகள். அவர்களுக்குக் கடைசிக் கட்டடம். அந்த வழக்கத்தை மாஸ்டர் எதிர்த்த ஆசிரியர் கூட்டத்தில் ஒரு சேர் எழும்பி, "குதிரையையும் கழுதையையும் ஒண்டா ஓட்டேலாது" என்றார். மாஸ்டர் மிக மரியாதையாகச் சொன்னார்: "மன்னாரில நான் ஒரு நாளும் குதிரையைக் கண்டதில்லை சேர். உங்களையும் என்னையும் சேர்த்து எல்லாம் கழுதையள்தான்." அதிபரே சிரித்துவிட்டார்.

சிரிப்பு அடங்கியதும் மாஸ்டரின் குரல் மாறியது. "வகுப்பு எண்ட சொல்லே வகுக்கிறதில இருந்துதான் வந்தது. வகுத்தால் மீதி வரும். கணக்கில மீதியை ஓரமா எழுதிப்போட்டு விடலாம். பிள்ளையை எங்க எழுதுறது? கடலுக்குப் போறது குறைச்சல் இல்லை. ஆனா இந்தப் பள்ளிக்கூடம், நீ மொக்கு, அதாலதான் கடலுக்குப் போறாய் எண்டு நம்ப வச்செல்லோ அனுப்புது? சம்மாட்டிக்கு அது நல்ல சுகம். ஆளும் கிடைக்குது, ஆள் கேள்வியும் கேளான்." யாரோ, "நீங்களும் அங்கயிருந்து வந்தனீங்கள்தானே, படிச்சு முன்னுக்கு வரேல்லையோ?" என்று கேட்டார்கள். "ஓம். ஒருத்தன் தப்பி வந்ததைக் காட்டி மிச்சப்பேரை ஏமாத்துறதுக்கு என்னைப் பாவிக்காதேங்கோ" என்றார். அந்த வருடத்திலிருந்து பிள்ளைகளைப் பெயர் வரிசைப்படி கலந்து போட்டோம். பெறுபேறு வானத்துக்கு ஏறவில்லை, விழவும் இல்லை. வாடியிலிருந்து வந்த பிள்ளைகள் மற்றவர்களுக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்கள், அவ்வளவுதான்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது மூச்சு வாங்கிக்கொண்டு என் மகளைப் பற்றிக் கேட்டார். அவளும் இந்த வருடம் ஒன்பதாம் தரம். கெட்டிக்காரி.

"நான் போனவுடனே திரும்பப் பிரிப்பினம். உங்கட மகள் ஏ வகுப்புத்தான்" என்றார்.

"என்ன விசர்க்கதை கதைக்கிறியள்? பேசாமல் படுங்கோ" என்றேன்.

"எனக்குச் சொல்லுறது லேசு டீச்சர். எனக்குப் பிள்ளை இல்லை. ஏ வகுப்புப் பிள்ளையின்ர தாய் ஒருத்தி வேண்டாம் எண்டு சொன்னால்தான் சனம் திரும்பிப் பார்க்கும்."

எனக்குச் சரியான கோபம் வந்தது. சாகக் கிடக்கிற மனிதரோடு கோபிக்கலாமா? கோபித்தேன். உங்களுக்குத் தத்துவம், எனக்குப் பெற்ற பிள்ளை என்று சொல்லிவிட்டேன். அவர் கையை நீட்டி என் கையைத் தட்டினார். "அந்தப் பயம் உங்கட இல்லை, டீச்சர். கதிரையைக் குறைச்சுப் போட்டு, பிள்ளையளை ஓட விட்டு வேடிக்கை பார்க்கிறவை தந்த பயம். ஆனா நெஞ்சு உங்கட தான், இடிக்கத்தான் செய்யும்" என்றார். அதுதான் எங்கள் கடைசிக் கதை.

அடக்கம் முடிந்து சேமக்காலை வாசலுக்கு வந்தபோது அதிபர் என் பக்கத்தில் வந்தார். கெட்ட மனிதர் அல்ல, கண் கலங்கியிருந்தது. "டீச்சர், திருத்தி முடிச்சதும் மாக்ஸைத் தாங்கோ. இந்த முறை பிரிச்சுப் போடுவம். பெற்றோரும் நெருக்குகினம். திங்கட்கிழமை கூட்டத்தில முடிச்சிடலாம், இனி ஆரும் சண்டைக்கு வரமாட்டினம்தானே" என்றார். நான் தலையை ஆட்டினேனா, சும்மா நின்றேனா என்று எனக்கே ஞாபகமில்லை.

பிரிக்கவேண்டாம் என்று கூட்டத்தில் சொன்னால் என்ன என்று வீட்டில் மகளிடம் கேட்டுப் பார்த்தேன். "அம்மா, எல்லா அம்மாவும் தங்கட பிள்ளைக்குத்தானே கேட்பினம். நீங்கள் மட்டும் ஏன் எனக்கு எதிராக் கதைக்கப் போறீங்கள்?" என்று அழுதாள். கலந்து போட்டு அவளுடைய படிப்புக் குழம்பினால் யார் பொறுப்பு? மாஸ்டரா வந்து பொறுப்பெடுப்பார்?

அவருடைய துணிவு எனக்கு வரவில்லை. அது அவரோடு மண்ணுக்குள் போய்விட்டது. அவருடைய பகிடியும் எனக்கு வராது. என்னிடம் அவர் விட்டுப்போனது அந்த வகுத்தல் கணக்கு ஒன்றுதான். முந்தியெல்லாம் புள்ளிகளைக் கூட்டும்போது யார் முதலாவது என்று பார்ப்பேன். இப்போது கண் தானாகக் கீழே போய், கடைசியில் நிற்கிற பெயர்களில் நிற்கிறது. எவ்வளவு இழுத்தாலும் மேலே வரமாட்டேன் என்கிறது. இதுதான் நான் அவரிடமிருந்து வைத்திருப்பது. வேண்டுமென்று கேட்டு வாங்கியதல்ல.

திங்கட்கிழமை நான் எழும்பி, வேண்டாம் என்று சொல்வேன். அவரை நேசித்த சக ஆசிரியர்களே, உங்களையும் எழும்பச் சொல்லிக் கேட்கமாட்டேன், உங்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பக்கத்தில் இருக்கிறவர்கள் மட்டும், இருங்கோ டீச்சர் என்று என் சேலையைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுத்தால் நான் இருந்துவிடுவேன்.