தேய்த்துக் கழுவிய பெயர்

மலேசியாவின் பாகான் டாலாமிலிருந்து கொண்டுபோன பிளாஸ்டிக் பிரஷ்ஷால் இராயப்பன் ஒரு தகரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இடது கையில் தண்ணீர் போத்தல். இரும்புச் சிலுவையில் முடுக்கியிருந்த தகரம் அது. செம்மண் கரைந்து ஓடியது. கூடவே, தகரத்தில் எழுதியிருந்த பெயரும் உரிந்து ஓடியது.

இடம் ஆஸ்திரேலியப் பாலைவனம். ஒரு காலத்தில் தங்கம் தோண்டிய ஊர். இப்போது மதுக்கடை வைத்திருக்கும் ஒரு கிழவரும் அவருடைய நாயும்தான் அங்கே குடியிருக்கிறார்கள். அந்த ஊர் மயானத்தில் இராயப்பனின் அண்ணன் கிளிஃபர்ட்டைப் புதைத்திருக்கிறார்கள். சுரங்கத்தில் மெக்கானிக் வேலைக்குப் போனவர், மாரடைப்பில் அங்கேயே இறந்துவிட்டார். உடலைக் கொண்டுவர அப்போது வீட்டில் வசதியில்லை. கூட வேலை பார்த்தவர்கள் அடக்கம் செய்து பெயர் எழுதி வைத்தார்கள்.

இராயப்பன் பக்கத்து ஊரான ஜுருவில் கார்களுக்குப் பெயிண்ட் அடித்தவர். மனைவி இறந்தபின், தனியாக இருந்த அக்கா ஐரீனைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்து பார்த்துக்கொள்கிறார். சமைப்பார், துவைப்பார், மருந்தை நேரத்துக்குக் கொடுப்பார். அக்காவின் கால் நகத்தை மட்டும் வெட்டமாட்டார். சர்க்கரைக்காரர் காலில் கீறல் பட்டால் ஆறாது என்று பயம். பயம் சரிதான். முதியோர் பராமரிப்புப் படித்த பக்கத்து வீட்டுக்காரி என்பதால் நகத்துக்கும் ஊசிக்கும் நான் போவேன்.

ஐரீனுக்கு ஒரு கண் போய்விட்டது. மற்றதும் அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொன்னார். ஐரீன் அழவில்லை. தம்பியைக் கூப்பிட்டார்.

"கண்ணு இருக்கறப்பவே அண்ணன் பேர பார்த்துரணும். நீ போயி படம் எடுத்துட்டு வா. பேரு தெளிவா தெரியணும் லா."

காரணம் இருந்தது. அண்ணன் இறந்ததை அவர் முழுதாக நம்பியதே இல்லை. உடலைப் பார்க்காதவர்கள் சிலர் அப்படித்தான். அப்பா அம்மா கல்லறையில் கிளிஃபர்ட் பெயரையும் எழுதலாம் என்று இராயப்பன் சொன்னபோதெல்லாம், உயிரோடு இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார்.

இராயப்பனின் மகள் கிளாடிஸ் பெர்த்தில் இருக்கிறாள். அவள்தான் காரில் கூட்டிப்போனாள். ஊருக்குள் நுழைந்ததிலிருந்து இராயப்பன் படம் எடுத்துக்கொண்டே நடந்தார். கூரை போன தபால் நிலையம், தண்டவாளம் பிடுங்கிய ஸ்டேஷன், ஒற்றை நாற்காலி மட்டும் மிஞ்சிய முடிவெட்டும் கடை, அதன் வாசலில் படுத்திருந்த கிழவரின் நாய். எடுக்க வேண்டிய படத்தை மட்டும் முதலில் எடுக்கவில்லை.

கல்லறைத் திருநாள் வந்தால் நம்மவர்கள் குழியைத் தேய்த்துக் கழுவி, பூவைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, அப்புறம்தான் படம் எடுப்பார்கள். அழுக்கோடு எடுத்தால் இறந்தவருக்கு மரியாதையில்லை. இராயப்பனும் அதைத்தான் செய்தார். இங்கே சிமெண்ட், மார்பிள். எவ்வளவு தேய்த்தாலும் தாங்கும். அங்கே இருந்தது பல வருஷ வெயிலில் பொரிந்துபோன பெயிண்ட்.

கொஞ்ச நேரம் மண்ணில் உட்கார்ந்துவிட்டாராம். பிறகு மதுக்கடைக் கிழவரிடம் கேட்டு ஒரு டின்னில் மிச்சமிருந்த கறுப்புப் பெயிண்டும் தூரிகையும் வாங்கி வந்தார். எழுத்து இருந்த இடத்தில் தகரம் துருவேறாமல் இருந்தது. அந்தத் தடத்தின் மேலேயே எழுதிப் படம் எடுத்தார். அத்தையிடம் ஒன்றும் சொல்லவேண்டாம் என்றாள் கிளாடிஸ்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தைய மாலை, நான் ஊசி போட்டு முடித்த கையோடு, ஊர் திரும்பியிருந்த இராயப்பன் கைப்பேசியை அக்காவிடம் கொடுத்தார். ஐரீன் அதை மூக்கோடு ஒட்டிப் பிடித்து ஒவ்வொரு படமாகப் பார்த்தார்.

"இங்க எவனுக்குடா முடி வெட்டறாங்க? அந்த நாய்க்கா?"

பிறகு பெயர் வந்தது. வெகு நேரம் பார்த்தார். இராயப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டா, அத்தன வருஷ வெயில்ல நின்ன பெயிண்ட்டு இப்படி மின்னுமா?"

அதற்குமேல் அவரால் மறைக்க முடியவில்லை. நடந்ததைச் சொன்னார்.

"காலம்பூரா கெரேத்தாவுக்குப் பெயிண்ட் அடிச்சவன். உரியும்னு உனக்குத் தெரியாது?"

"குழியப் பார்த்ததும் கை பிரஷ்ஷ எடுத்துருச்சுக்கா. யோசிக்கல."

ஐரீன் கைப்பேசியை மடியில் வைத்தார். "எழுதனது கிடக்கட்டும். தண்ணி ஊத்தறதுக்கு முன்ன அங்க அண்ணன் பேரு இருந்துச்சா? உன் கண்ணால பார்த்தியா?"

"பார்த்தேன்க்கா. வாய்விட்டுப் படிச்சேன். அப்பறம்தான் ஊத்தினேன்."

தம்பி பொய் சொல்லத் தெரியாதவர் என்பது அவருக்குத் தெரியும். அதைத்தான் சற்று முன்பு பார்த்தாரே. சேலைத் தலைப்பால் நல்ல கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சொட்டு மருந்தை எடுத்து வைத்தேன்.

"சரி. செத்துத்தான் போயிட்டாரு," என்றார்.

மறுநாள் காலை மூவரும் மயானத்துக்குப் போனோம். ஐரீனின் நாற்காலியை நான் தள்ளினேன். அப்பா அம்மா கல்லறையை இராயப்பன் ஈரத்துணியால் துடைக்க மட்டும் செய்தார். பிரஷ்ஷை வீட்டிலேயே விட்டுவரச் சொல்லியிருந்தார் அக்கா. கல்லறை காய்ந்ததும் பெற்றோர் பெயருக்குக் கீழே இராயப்பன் கிளிஃபர்ட் பெயரை எழுதினார். பெயிண்ட் டின்னை ஐரீன் பிடித்துக்கொண்டார்.