நட்சத்திரம் இல்லாத உபயகாரர்

நான் பயந்த பிறவி. மினிபஸ்ஸின் நெற்றியில் தெல்லிப்பழை என்று கொட்டை எழுத்தில் இருந்தாலும் கொண்டக்டரிடம் ஒருதரம் கேட்பேன். ஏறி இருந்த பிறகு பக்கத்தில் இருப்பவரிடமும் கேட்பேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு, எழுதியிருப்பதை அப்படியே நம்பும் தைரியம் எங்கிருந்து வரும்? எழுதினவரும் என்னைப்போல ஒருவராக இருந்துவிட்டால்?

இந்தக் குணத்தோடு நான் போய்ச் சேர்ந்த இடம் பைதன் என்ற கொம்பியூட்டர் மொழி. சந்தியிலுள்ள கொமியூனிகேசன் கடையில் போட்டோக் கொப்பி எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. ஆட்கள் வராத நேரங்களில் ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் புரோகிராம் எழுதப் பழகினேன். அந்த மொழியில் எல்லாமே பொருள்கள். எண் ஒரு பொருள், பெயர் ஒரு பொருள், நாமாக உண்டாக்கி வைப்பதும் ஒரு பொருள். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வகையைச் சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் செய்யத் தெரிந்த வேலைகள் சில உண்டு. தெரியாத வேலையைச் சொன்னால் புரோகிராம் அந்த இடத்திலேயே விழுந்து படுத்துவிடும். எழுதும்போது ஒரு முணுமுணுப்பும் இருக்காது. ஓடும்போதுதான் விழும், அதுவும் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

ஆனால் வேலை சொல்லுமுன் கேட்டுப் பார்க்கலாம். அதுதான் எனக்குப் பிடித்துப்போனது. ‘டைப்’ என்று கேட்டால், நான் இன்ன வகை என்று பொருள் சொல்லும். ‘டிர்’ என்று கேட்டால் தனக்குத் தெரிந்த வேலைகளையெல்லாம் கொட்டும். முன்னும் பின்னும் கோடிழுத்த, ஒருவரும் கூப்பிடாத பெயர்கள் கலியாண வீட்டுத் தூரத்துச் சொந்தம்போல முன்வரிசையில் வந்து குந்தியிருக்கும். ‘ஹாஸ் அட்டர்’ என்று கேட்டால், இன்ன வேலை இதற்குத் தெரியுமா தெரியாதா என்று ஒரே சொல்லில் பதில். மனிதர்களிடம் இப்படிக் கேட்டால் அடிக்க வருவார்கள்.

இல்லை, அது பொய். எங்கள் பக்கத்தில் முதற்கேள்வியை மட்டும் மனிதர்களிடம் தாராளமாகக் கேட்கலாம். “எவடம்? அங்கை எந்தப் பக்கம்? ஆற்றை மேள்?” ஊரும் தகப்பன் பேரும் தெரிந்தால் போதும், ஆளின் வகை பிடிபட்டுவிடும். பிறகு அவருக்கு என்ன செய்யத் தெரியும் என்று விசாரிக்க ஒருவருக்கும் நேரம் கிடைப்பதில்லை.

எங்கள் ஊர் கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே. தோட்டம் செய்பவர்களும் கடலுக்குப் போகிறவர்களும் ஒரே அம்மனைத்தான் கும்பிடுகிறோம். திருவிழாவின் ஒவ்வொரு நாளும் ஓர் உபயகாரருடையது. செலவு அவர்களுடையது, பூசை முடிவில் ஐயர் கையால் வெற்றிலை பாக்கு வைத்த காளாஞ்சி வாங்கும் மரியாதையும் அவர்களுடையது. வேட்டைத் திருவிழா கடற்றொழிலாளர் சங்கத்தின் நாள்.

கோயில் சபைச் செயலாளர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். ஒருநாள் கடைக்கு வந்து, திருவிழா நோட்டீசுக்குப் புரோகிராம் எழுதித் தரச் சொன்னார்.

“போன வருசம் கையாலை அடிக்கேக்கை, ‘மேற்படி’ எண்டு கிடந்ததையும் உபயகாரர் எண்டு போட்டிட்டாங்கள், பிள்ளை. மேற்படி குடும்பத்தினர் எண்டு நோட்டீஸ் வந்து ஊரே சிரிச்சது. ஆனபடியாலை முதல் ஆளோ எண்டு பார். ஆளில்லாட்டி வெறுமையாய் விடு, பிறகு பாப்பம்.”

“வடிவாப் பாக்கிறன் சேர்,” என்றேன். பார்க்கச் சொல்லி என்னிடம் ஒருவர் கேட்டது அதுவே முதல்தடவை. மற்றவர்கள் எல்லோரும் பார்த்தது போதும் என்றுதான் சொல்வார்கள்.

‘தனியாள்’ என்று ஒரு வகை செய்தேன். அதற்குப் பெயர் சொல்லத் தெரியும், நட்சத்திரம் சொல்லத் தெரியும், காளாஞ்சி வாங்கத் தெரியும். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் குடும்பங்களுக்கு, தனியாளிலிருந்து பிறந்த இன்னொரு வகை. தனியாளுக்குப் பிறந்தது தனியாளாகவே எண்ணப்படும்; பைதனில் அப்படி ஒரு சலுகை உண்டு, எங்கள் கோயிலிலும் உண்டு. சங்கத்துக்கு மட்டும் தனியாக ஒரு வகை. அதற்கு முன்னோர் இல்லை. பெயர் உண்டு, காளாஞ்சி உண்டு. ஒவ்வொரு நாளின் முன்னாலும் செயலாளர் சொன்ன காவலை நிறுத்தினேன்: வந்தவர் தனியாள் வகையா? இல்லையென்றால் இடத்தை வெறுமையாக விடு.

அச்சகத்துக்கு நோட்டீஸ் போகவேண்டிய பின்னேரம், கோயில் மடத்தில் சபை கூடியது. அச்சேறினால் அந்த வருடத்துக்கு அதுதான் முடிவு. நான் லப்டொப்பை விரித்தேன். செயலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்து வாசித்தார். கொடியேற்றம், இன்னார் குடும்பம், இன்ன நட்சத்திரம் என்று தேவாரம்போலப் போய்க்கொண்டிருந்தது.

“வேட்டைத் திருவிழா...” நிறுத்தினார். “ஒண்டும் இல்லை.”

பின்னால் தூணோடு இருந்த சங்கத் தலைவர் எழும்பினார். “என்ன சேர், ஒண்டும் இல்லையெண்டால்?”

“வெறுமையாய்க் கிடக்கு.”

“அது எங்கடை நாளெல்லோ! அப்பு காலத்திலையிருந்து எங்கடை நாள்.”

“நான் எடுக்கேல்லை. கொம்பியூட்டர் எடுத்திருக்கு. அதுக்கு ஆரிலும் கோபம் இல்லைத்தானே.” மூச்சு விடாமல் அடுத்ததையும் சொன்னார்: “அம்மன்ரை நாளை வெறுமையாய் விடேலாது. என்ரை மருமோனும் ஒஸ்ரேலியாவிலையிருந்து ஒரு நாள் கேட்டபடிதான்.”

“உங்களுக்கு மருமோன் இருக்கிறதும் கொம்பியூட்டருக்குத் தெரியுமோ சேர்?” என்றார் தலைவர்.

சிலர் சிரித்தார்கள். சபையில் பலர் சிரிக்கவில்லை. திரையை ஒருவித திருப்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாங்கள் வாயால் சொல்லக் கூசுவதை ஒரு மெசின் சொல்லித் தந்தால் யாருக்குத்தான் கசக்கும்?

நான் பேசாமல் இருந்தால் பழி கொம்பியூட்டரோடு போய்விடும். பேசினால் சேர் என் கடை முதலாளியிடம் சொல்வார், முதலாளி என்னை நிற்பாட்டுவார், பிறகு நான் நீர்வேலியில் வாழைக்குலை வெட்டப் போகவேண்டும், எனக்குக் கத்தி பிடிக்கவும் பயம். இவ்வளவையும் யோசித்து முடிப்பதற்குள் வாய் தானாகத் திறந்துவிட்டது.

“கொம்பியூட்டர் எடுக்கேல்லை சேர். ஆளோ எண்டு பாக்கச் சொன்னனீங்கள். பாத்தது. சங்கம் தனியாள் வகையில்லை, அதாலை விட்டிட்டுது. வகையைப் பாக்கிற வரியை எடுத்தால் வந்திடும்.”

“சங்கத்துக்குள்ளை இருக்கிறது முழுக்க ஆக்கள்தான், தங்கச்சி,” என்றார் தலைவர். “என்னெண்டு உனக்குத் தெரியாமல் போனது?”

“அண்ணை, இப்ப மாத்திறன்.”

“எதையும் மாத்தாதை,” என்றார் செயலாளர்.

“மாத்து,” என்றார் தலைவர்.

மாற்றினேன். இவர் என்ன வகை என்று இனிக் கேட்காதே. பெயர் சொல்லத் தெரியுமா, காளாஞ்சி வாங்கத் தெரியுமா, அதை மட்டும் கேள். ஓட்டினேன். வேட்டைத் திருவிழா வரைக்கும் ஒழுங்காக வந்து, அங்கே விழுந்து படுத்தது. திரையில் சிவப்பாக ஒரு வரி.

“என்ன சொல்லுது?” என்றார் செயலாளர்.

சங்கம் என்ற பொருளிடம் நட்சத்திரம் என்று ஒன்று இல்லை. நான்தான் அதை வாய்விட்டு வாசிக்க வேண்டியிருந்தது.

செயலாளரின் முகம் மலர்ந்தது. “பாத்தியளே! நட்சத்திரமும் இல்லை. ஐயர் என்னத்தைச் சொல்லி அர்ச்சனை செய்யிறது?”

அதுவரை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஐயர் நிமிர்ந்தார். “இவ்வளவு காலமும் என்னத்தைச் சொல்லிச் செய்தனான்? சுவாமி பேருக்குத்தான். நட்சத்திரம் தெரியாதெண்டு வாற எல்லாருக்கும் அதுதானே செய்யிறன். ஒஸ்ரேலியாவிலையிருந்து வந்த உங்கடை பேரனுக்கும் அப்பிடித்தான் செய்தது. மறந்து போனியளோ?”

இம்முறை சபையும் சிரித்தது.

நான் இன்னொரு வரி எழுதினேன். நட்சத்திரம் தெரியுமா என்று முதலில் கேள். தெரிந்தால் அதைப் போடு, தெரியாவிட்டால் சுவாமி பேருக்கு. ஓட்டினேன். கொடியேற்றத்திலிருந்து கடைசி நாள் பூங்காவனம் வரை ஓரிடத்திலும் தடக்காமல் ஓடியது. வேட்டைத் திருவிழாவுக்கு நேரே சங்கத்தின் பெயர்.

செயலாளர் விடவில்லை. “சரி, மருமோனைக் கொடியேற்றக்காரரோடை சேத்துப் போடேலாதே? அவர் தனியாள்தானே.”

“காளாஞ்சி வாங்க வருவாரோ சேர்?” என்றார் தலைவர்.

“அவருக்கு லீவு இல்லை. லைவிலை பாப்பார்.”

“லைவிலை காளாஞ்சி நீட்டலாமோ ஐயா?”

“கை எட்டாது,” என்றார் ஐயர்.

தலைவர் முன்னால் வந்து, திரையில் சங்கத்தின் வரியை எழுத்தெழுத்தாக வாசித்தார். “மற்ற ஆக்களின்ரை எழுத்தும் இந்தளவுதானோ?”

“ஓம் அண்ணை. எல்லாருக்கும் ஒண்டுதான்.”

“வடிவாப் பார்.”

மேலிருந்து கீழாகப் பார்த்தேன். பிறகு கீழிருந்து மேலாகவும் பார்த்தேன்.

“அப்ப அனுப்பு.”

அச்சகத்துக்கு அனுப்பினேன். போய்ச் சேர்ந்துவிட்டது என்று பதில் வந்தபோது செயலாளர் ஃபோனோடு வெளியே போயிருந்தார். கோயில் வாசலில் நின்று, தன்னால் ஆனதெல்லாம் செய்து பார்த்ததாகவும் கொம்பியூட்டர்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்றும், ஒஸ்ரேலியாவுக்கே கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.