பாண்டீஸ்வரி என்கிற கிளாரா மிஸ்

சுருளிப்பட்டியில் எல்லோருக்கும் அவர் கிளாரா மிஸ். சாதிச் சான்றிதழில் பாண்டீஸ்வரி, மதம் இந்து. கிறிஸ்தவர் என்று எழுதினால் பட்டியலின ஒதுக்கீடு கிடையாது. அதனால் அவர்கள் தெருவில் பலருக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெயர், மாதா கோயிலுக்கு ஒரு பெயர். ஊருக்கே தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

பதினான்கு வருடமாகக் கௌரவ விரிவுரையாளர். கல்லூரியில் எங்களுக்கு அமெரிக்க வரலாறு எடுத்தார். அரசுப் பதவிக்கு மதத்தைத் தகுதியாக்கக் கூடாது என்று அங்கே அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்தார்களாம். அப்படியும் சில மாநிலங்கள் விடவில்லை. கடவுளை நம்புவதாகச் சொல்ல மறுத்த ஒருவருக்கு மேரிலாந்தில் நோட்டரி பதவி தரவில்லை. அவர் உச்ச நீதிமன்றம்வரை போய் ஜெயித்தார். இதை நடத்தும்போது மட்டும் மிஸ் ஜன்னலைப் பார்த்துப் பேசுவார்.

“நம்ம ஊர்ல எப்படி மிஸ்?” என்று கேட்டாள் சிம்ரன்.

“அது சிலபஸ்ல இல்ல தாயி.”

வகுப்பே சிரித்தது. மிஸ்ஸும்தான்.

போன தை மாதம் அவருக்கு ஒதுக்கீட்டில் நிரந்தர வேலைக்கான ஆணை வந்தது. நேரில் வாழ்த்த எனக்கு வாய் வராது. மாதா கோயில் திருவிழாவில் அவர் பாடகர் குழுவோடு நின்று பாடிய படத்தை ஸ்டேட்டஸில் வைத்து, ‘எங்கள் கிளாரா மிஸ், இனி அரசு விரிவுரையாளர்’ என்று எழுதினேன்.

யாரோ அதை மொட்டைக் கடுதாசியோடு கலெக்டர் ஆபீசுக்கு அனுப்பிவிட்டார்கள். வருவாய் ஆய்வாளர் எங்கள் திராட்சைத் தோட்டத்துக்கே வந்தார்.

“தம்பி, இந்தப் படம் நீங்க எடுத்ததா?”

தலையாட்டினேன்.

“இந்தம்மா வாராவாரம் கோயில்ல பாடுறாகளா?”

“ஆமா சார். ரொம்ப நல்லாப் பாடுவாக.”

சொன்ன பிறகுதான் அவர் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். கையெழுத்துக் கேட்டார். மாட்டேன் என்ற ஒரு சொல் போதும். நான் எழுதும் கவிதையில் ஒரு சொல் கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று நாள் கணக்கில் யோசிப்பவன், பேனாவை வாங்கிப் போட்டுக் கொடுத்தேன்.

ஆணையை நிறுத்திவைத்தார்கள். பழைய சான்றிதழும் செல்லாது என்றார்கள்.

நேற்று மிஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் உள்ளறையில் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா டீயைக் கொடுத்துவிட்டு ஆரம்பித்தாள்: “எந்தப் பய இந்த வேலயப் பாத்தான்னு தெரியலயே. அவன் கை வெளங்குமா? நாசமாப் போக!”

மிஸ்ஸின் மடியில் விசாரணை அறிக்கையின் நகல் இருந்தது. கடைசிப் பக்கத்தில் சாட்சியாக என் பெயர்.

“விடுங்கக்கா,” என்றார் மிஸ். “புள்ளைக இருக்குற வீட்ல அப்படியெல்லாம் சொல்லாதீக.”

அவர் போகும்வரை நான் வெளியே வரவில்லை.