யாரும் தின்னாத செடி

மண்ணில் கலந்த நஞ்சைச் செடியை வைத்தே உறிஞ்சி எடுப்பதுதான் என் ஆராய்ச்சி. திருவெறும்பூரில் எனக்குப் பழக்கமான ஒரு அக்காவின் வீட்டுப் பக்கத்தில் முலாம் பூசும் பட்டறை இருந்தது. அதை மூடிப் பல வருஷமாகியும் அதன் குரோமியம் அவருடைய நிலத்தை விட்டுப் போகவில்லை. அந்த மண்ணைத் தொட்டிகளில் நிரப்பி, மரபணு மாற்றிய தண்டுக்கீரையை எங்கள் கல்லூரியின் வலைக்கூடத்தில் வளர்த்தேன். சாதாரணக் கீரையைவிடப் பல மடங்கு நஞ்சை அது இலையில் ஏற்றிக்கொண்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த மிதப்பில் ஸ்ரீரங்கத்து வீட்டில் மாமியாரிடம் போனை நீட்டிப் படத்தைக் காட்டினேன்.

"என்னமா தளதளன்னு இருக்கு! ஒரு கட்டு பறிச்சுண்டு வரப்படாதோ? மசிச்சுடலாமே" என்றார்.

சிரித்துவிட்டுத்தான் குளிக்கப் போனேன். பாதிக் குளியலில்தான் உறைத்தது. எவ்வளவு நஞ்சு ஏறினாலும் அந்தக் கீரை வாடுவதில்லை. வாடாதபடி செய்ததே நான்தான். நாளைக்கு வெளியில் நட்டு, போகிற வருகிற யாராவது கிள்ளிக்கொண்டு போனால்?

"வேலி போடலாம், போர்டு வைக்கலாம். நீ முதல்ல கட்டுரையை எழுதும்மா" என்றார் என் பேராசிரியர். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நம் ஊரில் 'குப்பை கொட்டாதீர்' போர்டின் காலடியில்தான் குப்பையே சேர்கிறது. போர்டைப் படித்துவிட்டா கீரை பறிப்பார்கள்?

இத்தனை வருஷ உழைப்பை மூட்டை கட்டினேன். வயல் வேலிக்கு நடுகிற காட்டாமணக்கை எடுத்துக்கொண்டேன். ஆடுமாடு அதில் வாய் வைக்காது, பிள்ளைகள் காயைத் தின்றுவிடாமல் காய்க்குமுன் வெட்டியும் விடலாம். ஆனால் அதே மரபணுவை ஏற்றப் பார்த்தால் அது லேசில் வழிக்கு வரவில்லை. கண்ணாடிக் குடுவையில் துளிர்க்கும், கறுக்கும், சாகும். கூட வேலை பார்த்தவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அழுதிருக்கிறேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த குடுவையைக் கழுவியும் இருக்கிறேன்.

இந்த வருஷம்தான் ஒன்று பிழைத்து வேர் பிடித்தது. கீரை எடுத்ததில் பாதி நஞ்சைத்தான் எடுக்கிறது. அரசாங்க அனுமதி கிடைத்து வெளியில் நட்டாலும் நிலம் தேற இரண்டு மடங்கு காலம் ஆகும். மறைக்காமல் சொல்லிவிடுவோம் என்று திருவெறும்பூர் அக்காவுக்குப் போன் போட்டேன்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "என் ஆடு அதைத் தின்னாதுல்லங்க?" என்று கேட்டார்.

"தின்னாதுக்கா."

"அப்ப சரி. லேட்டானா ஆகட்டும். நாங்க எங்க போயிடப் போறோம், இங்கதானே இருக்கோம்."