இராக்கம்மா பார்த்த கடல்

இலங்கை மலைநாட்டின் பூனாகலைத் தோட்டத்தில் இராக்கம்மா என்று கேட்டால் ஆட்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். கடல்காரி என்று கேட்டால் தவழுகிற பிள்ளைகூட அவள் குடியிருக்கும் லயத்து அறையைக் கைகாட்டும். கேலிக்கு வைத்த பட்டம் அது. கேலி செய்தவர்களே பிறகு அதை மரியாதையாகச் சொல்ல வேண்டி வந்ததுதான் இந்தக் கதை.

தாது வருஷப் பஞ்சத்தில், ஐந்து வயதில், தாயோடு தோணியேறி மன்னாரில் வந்து இறங்கியவள் அவள். தோணியில் ஆட்களை மூட்டை மாதிரி அடைத்திருந்தார்கள். பிள்ளை மிரண்டு அழ, தாய் முந்தானைக்குள் பொத்திக்கொண்டு, "பயப்படாத கண்ணு, வெளியில கடல்தான், அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசிவரை முந்தானையை விலக்கவில்லை. கடல் வழியாக வந்த பிள்ளை கடலைப் பார்க்காமலே கரையேறியது. அப்புறம் காட்டுப் பாதையில் பேதி கண்டு தாயும் போய்விட்டாள். கூட வந்தவர்கள் பிள்ளையைச் சுமந்து மலைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். தாய் முகம் அவளுக்கு மறந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தை மட்டும் மறக்கவில்லை.

காப்பிக்காடு தேயிலைக்காடானது. இராக்கம்மா கொழுந்தெடுக்கப் பழகி, தோட்டத்திலேயே வேகமான கைக்காரி ஆனாள். கொழுந்தெடுக்கும் வரிசைகளில் முன் நிரை அவளுடையது, இருபது வருஷமாக யாரும் அதைக் கேட்கத் துணியவில்லை. ஏழாம் நம்பர் மலையின் உச்சியில் நின்றால் தெற்கே மலைகள் விலகி, கீழே சமவெளி விரிந்து கிடக்கும். ஆடி மாதத்தில் பனி விலகிய காலை நேரத்தில் அந்தச் சமவெளியின் கடைசியில் ஒரு வெள்ளிக் கோடு மின்னும். இராக்கம்மா கூடையோடு நிமிர்ந்து நின்று, "அது கடலுங்க" என்பாள். அதைச் சொல்லிச் சொல்லியே பட்டம் வாங்கினாள்.

1911ஆம் வருஷத்து ஆடியில் கங்காணி மாடசாமிக்குப் பொறுக்கவில்லை. மீசையை முறுக்கிக்கொண்டு நிரைக்கு நடுவில் வந்து நின்றார். நல்ல மனிதர்தான், ஆனால் தனக்குத் தெரியாத ஒன்றை இன்னொருவர் சொன்னால் அன்றைக்குச் சோறு இறங்காது.

"அடியே, கடலு இருக்கறது மன்னாரு பக்கம். நான் தொண்டிக் கரையில பொறந்தவன், கடத்தண்ணியைக் குடிச்சு வளந்தவன். எனக்கா கடலைக் காட்டுற? அந்தப் பக்கம் காடும் கானலுந்தான்."

"அப்ப போய்ப் பாத்துட்டு வர்றேங்க" என்றாள் இராக்கம்மா.

மலை முழுக்கச் சிரித்தது. சிரிப்பு தந்த தெம்பில் கங்காணி வாயைக் கொடுத்துவிட்டார்.

"போ. பதினாறு நாளைக்குள்ள அந்தத் தெசையில கடலைப் பாத்துட்டு வந்து காட்டு, இந்த மீசையை எடுத்துடுறேன். இல்லேன்னா முன் நெரையை விட்டுட்டுப் புல்லு வெட்டப் போயிரணும். சம்மதமா?"

"சம்மதங்க."

தாய் போய், புருஷன் போய், மகளையும் வெலிமடைப் பக்கம் கட்டிக்கொடுத்த பிறகு அவளிடம் மிஞ்சியிருந்த பெருமை அந்த நிரை ஒன்றுதான்.

கதிர்காமத் திருவிழா நேரம், கோயிலும் அதே தெற்குத் திசையில்தான். யாத்திரை என்றால் துரை மறுக்காமல் லீவுச் சீட்டு எழுதுவார் என்பதால் சீட்டில் கதிர்காமம் என்றே எழுதியாயிற்று. யாத்திரைக்காரி மாதிரி மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு, தோட்டத்து மருந்துப் போத்தல் ஒன்றைக் கழுவி மஞ்சள் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். பண்டாரவளைச் சந்தையில் உப்பு இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டி ஒன்று நின்றது. வண்டிக்காரர் இத்ரூஸ், அம்பாந்தோட்டைக்காரர். அவர் மனைவி நளீராவும் கூடவே வந்திருந்தாள்.

"கடலா? எங்கட வாசல்லயே இரிக்கி. ஏறுங்க அக்கா" என்றாள் நளீரா.

அந்த வண்டியே ஒரு வீடு. மேலே ஓலைக் கூண்டு, உள்ளே பாய், அடியில் தொங்குகிற பானை, பின்னால் கட்டிய தண்ணீர்க் குடம். எங்கே மாடு அவிழ்த்தார்களோ அங்கே அடுப்பு. இராக்கம்மா முதல் இரண்டு நாள் தன் சட்டியில் தனியாகப் பொங்கினாள். மூன்றாம் நாள் நளீராவின் மாசிக் கருவாட்டுச் சம்பல் வாசம் தாங்காமல் இரண்டு அடுப்பும் ஒன்றாயின.

எல்ல என்ற ஊர்க் கணவாயில் இறக்கம் கடுமை. சக்கரத்தில் கட்டை கொடுத்து இத்ரூஸ் மாட்டைப் பிடித்து இறக்க, பெண்கள் இருவரும் நடந்தார்கள். இராக்கம்மா பாதையை விட்டு விலகிப் பாறை வழியாக இறங்கினாள். அருவித் தண்ணீர் தெறித்து முகம் நனைந்தது. முப்பத்தைந்து வருஷமாக அவள் மலை ஏறியிருக்கிறாள், இறங்கியிருக்கிறாள், எப்போதும் முதுகில் கூடை இருந்தது. வெறும் முதுகோடு மலை இறங்குவது இவ்வளவு சுகமா என்று அவளுக்கு வாய்விட்டுச் சிரிக்கத் தோன்றியது, சிரித்தாள்.

ஐந்தாம் நாள் காடு விலகியது. எதிரே கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர், வெயிலில் வெள்ளியாக மின்னியது. "கடலு!" என்று கத்திக்கொண்டு வண்டியிலிருந்து குதித்தாள். ஓடிப்போய் இரு கையாலும் அள்ளிக் குடித்தாள்.

தண்ணீர் இனித்தது.

"அது திஸ்ஸக் குளம் அக்கா" என்றாள் நளீரா.

இராக்கம்மா அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள். இருபது வருஷமாகப் பார்த்தது இந்தக் குளத்தைத்தானோ? புல்வெட்டும் கத்தி கண்முன் வந்து நின்றது. இத்ரூஸ் வண்டியைக் குளக்கட்டுப் பாதையில் ஓட்டிப் போக, நளீரா தெரிந்த மீன்காரரிடம் வள்ளம் ஒன்றை இரவல் வாங்கி அவளை ஏற்றினாள். ஆள் ஆடினால் தானும் ஆடுகிற ஒடுக்கமான வள்ளம். நடுக்குளத்தில் நளீரா துடுப்பை அவள் கையில் திணித்தாள். முதலில் வள்ளம் வட்டம் போட்டது. கொழுந்தெடுக்கிற கை சும்மா இருக்குமா? வலம் ஒன்று இடம் ஒன்று என்று தாளம் பிடித்ததும் வள்ளம் நேராக ஓடியது. அப்போதுதான் கவனித்தாள்: எந்தப் பக்கம் திரும்பினாலும் கரை தெரிந்தது. மலையிலிருந்து பார்த்த கோட்டுக்கு இரண்டு பக்கமும் முடிவே கிடையாது.

"இது இல்ல நளீரா. நான் பாத்தது இது இல்லவே இல்ல" என்று துடுப்பை ஓங்கி வலித்தாள்.

மறுநாள் பிற்பகலில் மணல்மேட்டைத் தாண்டியதும் கடல் இருந்தது. முடிவில்லாமல் இருந்தது. அவள் கத்தவில்லை. இடுப்பளவு தண்ணீரில் போய் நின்று, "நீ சொன்னது சரிதாம்மா, கடல்தான், பயப்பட ஒண்ணுமில்ல" என்று சொல்லி அழுதாள். அழுது முடித்துத் திரும்பிப் பார்த்தால், வடக்கே வானத்தின் விளிம்பில் நீலமாக மலைகள், நடுவில் அதே இடைவெளி. அங்கிருந்துதான் இங்கே பார்த்திருக்கிறாள். போத்தலில் கடலை நிரப்பி மஞ்சள் துணியை இறுக்கிக் கட்டினாள்.

இத்ரூஸின் வண்டி உப்பு மூட்டையோடு மேடு ஏறியதால் திரும்பும் பயணம் மெதுவாகத்தான் நடந்தது. பதினைந்தாம் நாள், வெள்ளிக்கிழமை, மாரியம்மன் கோயில் பூசை நேரத்தில் தோட்டத்துக்குள் நுழைந்தாள். லயமே கோயிலில் கூடியிருந்தது. பூசாரி மஞ்சள் சேலையையும் மஞ்சள் துணிக்குள் இருந்த போத்தலையும் பார்த்தார், அரோகரா என்று பாய்ந்து வாங்கிக்கொண்டார்.

"கதிர்காமத் தீர்த்தம்! எல்லாரும் வாங்க!"

"சாமி, அது தீர்த்தமில்லங்க, அது வந்து…"

"தீர்த்தம் குடுக்கற எடத்துல என்னடி பேச்சு? வாயை மூடு" என்று கங்காணி அதட்டினார், கடலைக் காணாமல் கதிர்காமம் போய்த் திரும்பியிருக்கிறாள் என்ற நினைப்பில்.

இராக்கம்மா வாயை மூடிக்கொண்டாள். அவரே சொன்ன பிறகு வேறென்ன செய்வது?

முதல் மரியாதை கங்காணிக்கு. கண்ணை மூடி, இரு கையையும் குவித்து, நிறைய வாங்கி ஒரே மூச்சில் வாயில் விட்டார். முகம் கோணியது. மீசை துடித்தது. தீர்த்தத்தைத் துப்ப முடியுமா? ஊரே பார்த்துக்கொண்டிருக்க மடக்கென்று விழுங்கினார். கண்ணில் நீர் கட்டியது.

"யாரோ உப்பைக் கரைச்சுட்டாங்களா?" என்று கேட்டார் பூசாரி.

"உப்பைக் கரைச்சா இந்தக் கசப்பு வராது" என்றார் கங்காணி, தன்னை மறந்து. "இது கடலு. என் நாக்குக்குத் தெரியாதா? இது கடலேதான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. நடந்து மன்னார் போய்த் திரும்ப ஒரு மாதம் போதாது, அப்படியானால் இந்தக் கடல் தெற்கேதான் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஒருத்தி குலவை போட்டாள். அடுத்த நிமிஷம் கோயிலே குலவையில் அதிர்ந்தது.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கங்காணி மொட்டை உதட்டோடு வந்து நின்றார். தாயோ தகப்பனோ செத்தால்தான் மீசை எடுப்பது வழக்கம் என்பதால் துரையே தொப்பியைக் கழற்றி, யார் தவறியது என்று துக்கம் விசாரித்தார். பக்கத்துத் தோட்டத்திலிருந்து இரண்டு பேர் அரிசி மூட்டையோடு வந்துவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் "யாரும் சாகலைங்க" என்று சொல்லிச் சொல்லி மனிதர் நொந்துபோனார்.

அன்று ஏழாம் நம்பர் மலையில், முன் நிரையில், இராக்கம்மாவின் பக்கத்தில் வந்து நின்றார். வெகு நேரம் தெற்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அலை பெருசா இருந்துச்சா?"

"ஆமாங்க. மார் மேல வந்து மோதுச்சு."

"நான் பாத்து முப்பத்திரண்டு வருஷமாச்சு, கடல்காரி" என்றார். அந்தப் பேரை அவர் கேலி இல்லாமல் சொன்னது அதுதான் முதல் தடவை.

அடுத்த ஆடியில் பத்தொன்பது பேர் புறப்பட்டார்கள். இத்ரூஸ் இரண்டு வண்டி கொண்டுவந்தார். சீட்டில் கதிர்காமம்தான். முருகனையும் கும்பிட்டுவிட்டே போனார்கள். வழியெல்லாம் முன்னால் நடந்தவள் இராக்கம்மா. மணல்மேட்டைத் தாண்டியதும் எல்லோரும் தண்ணீரைப் பார்த்து ஓடினார்கள். தொண்டிக் கரையில் பிறந்த மாடசாமி மட்டும் அலை தொடும் இடத்தில் கால் எழாமல் நின்றார். கை புதிதாக வளர்ந்த மீசையை முறுக்கிக்கொண்டிருந்தது.

இராக்கம்மா திரும்பி வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"பயப்படாதீங்க கங்காணியாரே, கடல்தான், அவ்வளவுதான்" என்று சொல்லி உள்ளே இழுத்துப் போனாள்.