கல்யாணப் பத்திரிகை போல ஒரு பக்கம்

தொண்ணூறுகளின் கடைசியில், ஓசூர் பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியிலிருந்த கம்ப்யூட்டர் சென்டரில் எங்கள் வாத்யார், யாரும் இலவசமாக நகலெடுத்துப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருள் ஒன்றைக் கற்றுக்கொடுத்தார். அவருடைய சட்டைப்பை பிளாப்பிகளால் எப்போதும் பிதுங்கியிருக்கும். எதை நகலெடுத்தாலும், எழுதியவர்களின் பெயர்ப் பக்கம் அதில் வந்திருக்கிறதா என்று திறந்து பார்த்த பிறகுதான் கையில் தருவார்.

அந்த மென்பொருளின் கையேட்டை அவரும் நண்பர்களும் தமிழாக்கினார்கள். அச்சுக்குப் போகும் நாளில் சென்டர் உரிமையாளர் தாள்கட்டிலிருந்து பெயர்ப் பக்கத்தை மட்டும் உருவினார்.

"என்னா வாத்யாரே, கல்யாணப் பத்திரிகையா இது? நம்ம சென்டர் பேரு ஒண்ணு போதும்."

"சும்மா குடுத்தவங்க கேட்டது இது ஒண்ணுதாங்க சார். லைசென்ஸ்லயே இருக்குது."

"தளியிலருந்து வந்து டைப் அடிச்ச பொண்ணு பேரு கூடவா?"

"அவங்க அடிக்கலன்னா ஏதுங்க புக்கு? பேரை எடுத்தீங்கன்னா நாளையிலருந்து நான் வரல சார்."

அவர் குரல் உயரவில்லை. ஆனால் பிளாப்பிகளை எடுத்துப் பையில் போட ஆரம்பித்திருந்தார். பாதிப் பாடத்தில் ஆசிரியரை இழக்க விரும்பாத உரிமையாளர், முணுமுணுத்தபடி பக்கத்தைத் திரும்பத் தாள்கட்டுக்குள் வைத்தார்.

கையேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. முதலில் எழுதிய வெளிநாட்டுக்காரர்களுக்குக் கீழே, தமிழாக்கியவர்களின் பெயர்கள் அகரவரிசையில் நிற்கின்றன. நாங்கள் எல்லோரும் அவரை வாத்யார் என்றே கூப்பிட்டோம். அந்தப் பெயர்களில் எது அவருடையது என்று எனக்குத் தெரியவில்லை.